நாற்பது சதவீதம் என்றால் மீதி அறுபது சதவீதம் வேலை செய்யலாம் என்று பொருளா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து முந்திரி ஆலை ஒன்றில் பருப்பின் மேல்தோலை உரிக்கும் பெண்மணி ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை கேட்டு நிரப்பி முடித்த விண்ணப்பம் ஒன்றை மூன்று மாதமாகச் சமையலறைப் பரணில் வைத்திருந்தார். முடக்குவாதம் அவருடைய இரு கை விரல்களையும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துவிட்டது. காலையில் எழுந்த பிறகு இரண்டு மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. வெந்நீரில் கையை முக்கி வைத்திருந்து, மெல்ல மெல்ல மடக்கிப் பழக்கிய பின்னரே தலைமுடியைக்கூட முடிய முடியும். ஆகவே பதினொரு மணிக்கு மேல்தான் ஆலைக்குப் போவார். வாரத்தில் நான்கு நாள், உரித்த எடைக்கு மட்டும் கூலி. நான் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன் என்பதால் ஒருநாள் அந்தக் காகிதத்தோடு வந்து கேட்டார்: "சாரே, சோலிக்குப் போறவளுக்குப் பைசா தரமாட்டாவளாம், உள்ளதா?"

அவருடைய பக்கத்து வீட்டார் அப்படிச் சொல்லியிருந்தனர். அவர்கள் மட்டுமல்லர், இந்த மாவட்டத்தில் சாயாக்கடையிலும் பேருந்திலும் ஆலய வாசலிலும் இதையே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு எதிரான தவறான கருத்தும் உலவுகிறது: "மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்துவிட்டால் போதும், பணம் தானாக வரும்." இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். மாற்றுத்திறன் சான்றிதழில் எழுதப்படும் சதவீதம் எதை அளக்கிறது என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

அணையின் அடிக்கணக்கும் கடைமடைத் தண்ணீரும்

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அன்றாடம் வருகிறது. முழுக் கொள்ளளவு 48 அடி. இன்று இத்தனை அடி என்று போடுவார்கள். அந்த எண் பொய்யல்ல. அளவுகோலை நட்டு அளந்து எழுதியது. ஆனால், கடைமடையில் வயல் வைத்திருப்பவர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நாற்று நடுவதில்லை. மதகு திறந்திருக்கிறதா, கால்வாயில் எங்கே உடைப்பு, மேல்மடைக்காரர் எவ்வளவு எடுத்துக்கொண்டார், நேற்று மழை பெய்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் அவருடைய வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று முடிவாகும். அணையில் 40 அடி இருக்கும்போதும் கடைமடை காய்ந்து கிடந்ததுண்டு.

சான்றிதழில் உள்ள சதவீதம் அணையின் அடிக்கணக்குப் போன்றது. உடலின் ஒரு பகுதி அல்லது ஒரு செயல் நிலையாக எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை, வகுத்து வைத்த ஓர் அட்டவணைப்படி மருத்துவர்கள் அளந்து எழுதும் எண் அது. அந்த மனிதர் எந்த வேலைக்குப் போகிறார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பவை கடைமடைக் கேள்விகள். அவற்றுக்கான விடை அந்த எண்ணுக்குள் இல்லை. ஆகவே 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் "மீதி 60 சதவீதம் வேலை செய்யலாம்" என்று பொருள் கொள்வது தவறு. வேலைக்குப் போகிறவருக்கு 40 சதவீதம் எப்படி வந்தது என்று ஐயப்படுவதும் அதே தவறுதான்.

வெட்டாத நாளும் மரத்தின் கணக்கில் சேரும்

நாட்பட்ட நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில வாரங்களில் முழுமையாகக் குணமாகாமல், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கூடவே இருந்து, சில நாள் அடங்கியும் சில நாள் ஓங்கியும் நடக்கும் நோயையே நாட்பட்ட நோய் என்கிறோம். "நேற்று சந்தையில் நல்லாத்தானே நடந்தான்" என்று அக்கம்பக்கம் பேசுவது இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதே மரத்தை மறுநாளும் வெட்டலாமே என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே பெருவழக்கு. பேராசைப்பட்டு நாள்தோறும் வெட்டினால் பட்டை வறண்டு, மரம் பச்சைப்பசேலென்று நிற்கும்போதே சிரட்டையில் பால் விழாது. அத்தகைய மரத்தைத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஓய்வு நாள் என்பது மரத்தின் சோம்பல் அன்று. வெட்டு நாளில் பால் கிடைப்பதற்கான விலை அது.

நாட்பட்ட நோயோடு பகுதிநேரமாக வேலை செய்வதும் இப்படித்தான். முந்திரி ஆலைப் பெண்மணி வாரத்தில் நான்கு நாள் போகிறார் என்பதைப் பார்ப்பவர், மூன்று நாள் அவர் எதற்காக வீட்டில் இருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் இந்த நான்கு நாளும் இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கிப் பார்த்தால்: சான்றிதழின் சதவீதம் உடலில் நிலைத்துவிட்ட குறைபாட்டை அளக்கிறது, வேலை செய்யும் ஆற்றல் அதிலிருந்து வேறானது, அதுவும் நாளுக்கு நாள் மாறுவது.

அந்த எண் எப்படி வருகிறது

நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. நடுக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணு இரத்தசோகை ஆகியவை அப்போது பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை. வெளியே எளிதில் தெரியாத பல நோய்களுக்கும் சட்டத்தில் இடம் தந்த பட்டியல் என்ற வகையில் இது பெரிய மாற்றம்.

ஆனால் இங்கே ஒரு வாசற்படி தடுக்கும். பட்டியலில் பெயர் இல்லாத நோய்கள் ஏராளம். நீரிழிவு அதில் இல்லை. இதய நோய் இல்லை. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அளவுக்கு முற்றிய சிறுநீரக நோயும் இல்லை. "இவ்வளவு பெரிய நோய்க்கு அட்டை இல்லையா?" என்று மக்கள் பொருமுவதில் நியாயம் இருக்கிறது. எனினும் சட்டம் செயல்படும் முறையைப் புரிந்துகொண்டால் சிலருக்கு வழி திறக்கும். பெரும்பாலான இடங்களில் சட்டம் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. நோய் உடலில் விட்டுச் சென்ற தடத்தைப் பார்க்கிறது. நீரிழிவுக்காரர் என்பதற்காகச் சான்று கிடையாது. அதே நீரிழிவால் காலை எடுக்க நேர்ந்தாலோ பார்வை குறைந்துபோனாலோ, இயக்கக் குறைபாடு அல்லது பார்வைக் குறைபாடு என்ற வகையில் அவர் மதிப்பீட்டுக்கு உரியவர் ஆகிறார். முடக்குவாதமும் அப்படியே: நோயின் பெயரால் அன்று, விரல்கள் கோணி, பிடி தளர்ந்துபோனதால்.

மதிப்பிடும் முறைக்கு மத்திய அரசு 2018-இல் விரிவான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 2024-இல் திருத்தியது. அதில் கையை எப்படிச் சோதிப்பார்கள் என்பதை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். பிடிப்பு, தொடுவுணர்ச்சி, வலிமை என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பெருவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தொடுகிறதா, சாவியைப் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்க முடிகிறதா, உருளையான பொருளையும் உருண்டையான பொருளையும் உள்ளங்கையில் அடக்க முடிகிறதா, பையைத் தூக்குவதுபோல் விரல்களைக் கொக்கியாக வளைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார்கள். அந்த மேசையில் "எங்கே வேலை, எவ்வளவு கூலி" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதே வேளையில், காலை நேரத்து விறைப்புக்கும் மாலை நேரத்துக் களைப்புக்கும்கூட இந்த மூன்றில் எதிலும் தனி இடமில்லை. பகல் 12 மணிக்கு விரல் ஓரளவு இளகிய நிலையில் சோதனைக்குப் போகிறவருக்குக் குறைவான எண் விழ வாய்ப்பு உண்டு. இந்த முறையின் பலவீனம் அது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மனநோய்க்கான மதிப்பீட்டில் தன்னைப் பராமரித்துக்கொள்ளல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை என்று நான்கு பகுதிகள் உள்ளன. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும். இங்கே வேலை கணக்கில் வருகிறது. வந்தாலும் நான்கில் ஒரு பகுதிதான். வேலைக்குப் போவதாலேயே மற்ற மூன்றும் அழிந்துவிடுவதில்லை.

ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் 30-உம் 20-உம் கூட்டி 50 என்று போடமாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவும். அதற்கென ஒரு சூத்திரம் உண்டு. விடை கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே வரும். சூத்திரத்துக்குள் நாம் போக வேண்டாம்.

40 சதவீதமும் அதற்கு மேலும் என்பது சட்டம் கிழித்திருக்கும் கோடு. அந்தக் கோட்டைத் தொட்டவர்களுக்கே பெரும்பாலான சலுகைகள். இந்த எண்ணைத் தாங்கி வருவதே தனித்துவ அடையாள அட்டை, நம் ஊர்ப் பேச்சில் "யூ.டி.ஐ.டி. கார்டு". 40-க்குக் குறைவானால் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள், 80-உம் மேலும் நீலம் என்று நிறத்தாலேயே பிரித்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டும். சோதனைக்கு நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் போவது ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

மூன்று அலுவலகங்கள், மூன்று கேள்விகள்

இனி மையமான செய்திக்கு வருவோம். சதவீதம் எழுதிய அட்டை கையில் வந்த பிறகு, பயன் தரும் ஒவ்வோர் இடமும் தனக்கென ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. ஓர் இடத்துக் கேள்வியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதால்தான் அத்தனை குழப்பமும்.

முதல் கேள்வி: "உடல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது?" மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை இந்தக் கேள்வியைச் சுற்றி அமைந்தது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய் உள்ளிட்ட நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள், 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்று வகைகள் வகுக்கப்பட்டுள்ளன. 2023-இல் மாதத் தொகை 2,000 ரூபாயாக இருந்தது. நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதைக் கவனிக்கிறது.

இரண்டாவது கேள்வி: "குடும்பத்தின் வருமானம் எவ்வளவு?" வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் இந்த வகை. 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்த தொகை இதுதான். (அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. மற்றவர்களுக்கான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. 1,200-க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500.) இதற்கான மனு, வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வேலையும் கூலியும் உண்மையிலேயே எடை போடப்படும் இடம் இதுவே. ஆனால் இங்கும் "வேலைக்குப் போகிறாரா" என்பதைவிட "எவ்வளவு வருகிறது" என்பதே பெரிய கேள்வி. மேலும், வருமானச் சான்றிதழில் எழுதப்படுவது குடும்பத்தின் ஆண்டு வருமானம். அரைநாள் கூலியை மறைக்கலாமா என்று தவிப்பவர்கள், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் அந்தக் கூலியைப்போல் பத்து மடங்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். வருமான உச்சவரம்பு அரசாணைகளால் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மேலே சொன்ன பராமரிப்பு உதவித்தொகை, இந்த ஓய்வூதியம் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்கிறது: 80 சதவீதக் குறைபாடும் வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்வி: "இன்று வேலைக்குப் போனீர்களா?" இதைக் கேட்பது ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் பிடித்து நடத்தப்படும் காப்பீடு. பகுதிநேரத் தொழிலாளியும் இதில் சேர முடியும். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், கூலியில் 70 சதவீதம் நோய்ப்படியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நெடுநாள் நோய்கள் என்று 34 நோய்களைக் கொண்ட ஒரு பட்டியல் தனியாக உண்டு. அவற்றுக்கு 80 சதவீதம் வரை, உரிய தகுதி இருந்தால் இரண்டு ஆண்டு வரை நீளும். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு 2016 சட்டத்தின் 21 வகைக்குள் இல்லை என்று பார்த்தோம் அல்லவா, இந்த 34-க்குள் இருக்கிறது. அட்டை கிடைக்கவில்லை என்று மனம் தளர்ந்து, கையில் இருக்கும் ஈ.எஸ்.ஐ. உரிமையைக் கேட்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பக்கத்து வீட்டாரின் பேச்சு உண்மையாகிறது. கூலி வாங்கிய நாளுக்கு நோய்ப்படி வாங்க முடியாது. திங்களன்று ஆலைக்குப் போய்விட்டு அதே திங்களுக்கு மருத்துவச் சான்று கொடுக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ. நோய்ப்படிக்கு மட்டும் உரிய விதி, பேச்சில் பரவி எல்லா உதவிக்கும் உரிய விதியாகிவிட்டது.

ஆக, ஒரே பெண்மணி, ஒரே நோய், ஒரே அரைநாள் வேலை: முதல் அலுவலகம் அவருடைய கையைப் பார்க்கும், இரண்டாவது வருமானத்தைப் பார்க்கும், மூன்றாவது நாட்காட்டியைப் பார்க்கும்.

வேலை செய்தால்தான் கிடைக்கும் பயன்கள்

"வேலைக்குப் போனால் எல்லாம் போய்விடும்" என்பது முழுவதும் உண்மையாக இருந்தால், சட்டம் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது என்றாகும். ஏனென்றால் 40 சதவீதச் சான்று வைத்திருப்பவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டை அதே 2016 சட்டம் தருகிறது. வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்துவிட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 20-ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு, 40 சதவீதம் உள்ளவருக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதம் உள்ளவருக்கு 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ள விட்டது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இது இல்லை. வருமானமே இல்லாதவருக்கு இதனால் என்ன பயன்? ஈ.எஸ்.ஐ.யில் சேரும் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்று இருக்க, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்று வைத்ததும் அவர்கள் வேலை செய்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான்.

பெயர் ஒன்று, பொருள் வேறு: இன்னொரு சதவீதம்

இந்த இடத்தில் படித்தவர்களும் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஈ.எஸ்.ஐ.யில் நோய்ப்படி போக இன்னொரு பயன் உண்டு. வேலையால் நேர்ந்த விபத்தில் உடல் நிலையாகக் குறைபட்டால் தரப்படும் ஊனப்படி. ஆலை இயந்திரத்தில் விரல் போனவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழு ஒரு சதவீதம் எழுதும். அது உடற்குறையின் சதவீதம் அன்று. "சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு" என்பதன் சதவீதம். ஆசாரிபள்ளத்தில் எழுதும் எண்ணும் அந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று வாதிடுவது, அணையின் அடிக்கணக்கைக் காட்டி வயலின் பரப்பளவைத் தவறென்பதைப் போன்றது. இதில் வியப்பான செய்தி, சம்பாதிக்கும் திறன் இழப்புக்காகத் தரப்படும் அந்த நிலையான ஊனப்படிகூட, தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்பினால் நின்றுவிடுவதில்லை.

வேலை செய்ய முடியாமை என்பதையே நேராகக் கேட்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பி.எஃப். பிடித்தம் உள்ள ஊழியர் பணிக்காலத்தில் நிலையாகவும் முழுமையாகவும் செயலிழந்தால் ஓய்வூதியம் உண்டு. அதுவரை செய்யக் கூடியதாக இருந்த எல்லா வேலைக்கும் தகுதியற்றுப் போயிருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. அரைநாள் வேலை செய்து வருபவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது. "ஊனம் என்றால் வேலையே செய்ய முடியாதவர்" என்ற எண்ணம் பொருந்தும் இடம் என்று நான் காண்பது இது ஒன்றைத்தான்.

மறைப்பதா, எழுதுவதா

விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புபவர்களிடம் இந்தப் பழக்கம் கூடுதல். இது தேவையற்றது; ஆபத்தானதும்கூட. மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று 2016 சட்டத்தின் 91-ஆவது பிரிவு கூறுகிறது. வேலை செய்வது குற்றமே இல்லாத இடத்தில், அதை மறைத்ததுதான் குற்றமாகி நிற்கும்.

எழுதும்போது முழுமையாக எழுத வேண்டும் என்பதே முக்கியம். "முந்திரி ஆலைத் தொழிலாளி" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மனத்தில் ஆறு நாள் வேலை, முழுக் கூலி என்ற படமே எழும். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எந்த மாதங்களில் ஆலை அடைத்திருக்கும் என்பதையும் சேர்த்தால் ஆண்டு வருமானம் சரியாக வரும். ரப்பர் வெட்டுக்காரர்களும் அப்படியே. அடைமழையில் வெட்டில்லாத வாரங்களைக் கழிக்காமல் நல்ல மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

மருத்துவக் குழுவின் முன்னிலையில் வேறொரு தவறு நடக்கிறது. நம் ஊர்க்காரர்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது குளித்து, நல்ல உடை உடுத்தி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கொழப்பமில்ல" என்று சொல்லிப் பழகியவர்கள். அது நம் மரியாதை. சோதனை மேசையில் அது நோயைக் குறைத்துக் காட்டிவிடும். மிகைப்படுத்தவும் வேண்டாம், மோசமான நாள் எப்படி, சுமாரான நாள் எப்படி, மாதத்தில் எது எத்தனை என்று சொன்னால் போதும். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு உதவும். அந்தப் பெண்மணியின் மகள் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு மாதம் எழுதி வைத்திருந்தாள்: "செவ்வாய். அம்மாவால் குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்தேன். 11.30-க்கு ஆலை. 3 மணிக்குத் திரும்பினாள். இரவு சோறு பிசைய முடியவில்லை, கரண்டி."

நோய் மாறக் கூடியது என்று குழு கருதினால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்று தரும். காலம் முடியும் முன் மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். நாள் தவறினால் உதவித்தொகை நின்றுபோகலாம். பலர் "வேலைக்குப் போனதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்" என்று நினைப்பது உண்மையில் சான்று காலாவதியானதால் இருக்கும். எண் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய 59-ஆவது பிரிவு இடம் தருகிறது. வேறு எந்த அலுவலகத்தில் மனு தேங்கினாலும் திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பரணிலிருந்து இறங்கி வந்த அந்தப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் யாரோ "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்து எழுதினால் நன்றாக இராது என்று புதுப் படிவம் வாங்கி வரச் சொன்னேன். இம்முறை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "முந்திரிப் பருப்பு தோல் உரித்தல். வாரம் நான்கு நாள், முற்பகல் 11 முதல் 3 வரை. எடைக்குக் கூலி." கட்டம் சிறியது, எழுத்தை நெருக்கித்தான் போட வேண்டியிருந்தது. கீழே கையொப்பமிடப் பேனாவை நீட்டினேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அது நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து எழுதினார்.